தார்த் தரையில் மூன்று சுற்று

மகனுக்கு,

அன்பு, ஆசி, நலம் விசாரிப்பு எல்லாவற்றையும் இந்த முறை விட்டுவிடுகிறேன். நீ நலமாகத்தான் இருக்கிறாய். மாப்பிள்ளை உடுப்புக்கு அளவு கொடுக்க லண்டன் சவுத்தாலுக்குப் போனாய், பலகாரத்துக்கு டூட்டிங்கில் சொல்லி வைத்தாய் என்று எல்லாம் மற்றவர்கள் வாயால் கேள்விப்படுகிறேன். நான் அழைத்தால் மட்டும் உனக்கு எந்த நேரமும் வேலை. அதனால் இதை எங்கள் ஆட்களின் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். மரக்கறிக் கடை வாசலில் சும்மா எடுத்துப் போகும்படி அடுக்கி வைத்திருப்பார்களே, அந்தப் பத்திரிகைக்கு. நீ வாசிக்காவிட்டாலும் உனக்கு வாசித்துக் காட்ட ஆள் கிடைக்கும். பெயர் ஒன்றும் போடவில்லை. அன்று கோயில் கார் பார்க்கில் நின்றவர்களுக்குப் பெயர் தேவையில்லை. நிற்காதவர்களுக்கு என் மகன் யாரென்று தெரிந்து ஆகப்போவது எதுவுமில்லை. நீ நாலு பேருக்கு முன்னால் ஒரு பொய் சொன்னாய். நாலு பேருக்கு முன்னால்தான் நான் அதை மறுக்க வேண்டும். குசினிக்குள் வைத்துச் சொன்னால் அது குசினிக்குள்ளேயே கிடந்துவிடும்.

விஷயம் தெரியாதவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உனக்கு மனப்பாடமான ஒன்றை மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. காட்டிலும் சேற்றிலும் ஓடும் பெரிய லொறிகளில் பின் சில்லுகளோடு முன் சில்லுகளும் இழுக்கும். ஆனால் நல்ல றோட்டில் அது தேவையில்லை. ஆகவே முன் சில்லு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பூட்டு வைத்திருப்பார்கள். லொக்கிங் ஹப் என்பது அதற்குப் பெயர். வெளியே ஒரு குமிழ் தெரியும். அதைத் திருகினால் உள்ளே பல் வைத்த வளையம் ஒன்று நகர்ந்துபோய், சில்லைச் சுழற்றும் தண்டான அக்சிலையும் சில்லையும் சேர்த்துக் கவ்விக்கொள்ளும். திருப்பித் திருகினால் விட்டுவிடும், சில்லு தன்பாட்டில் உருளும். அவ்வளவுதான் அதன் வேலை. அத்தனை தொன் பாரமுள்ள லொறியின் முன்பக்க இழுவை முழுவதும் அந்த வளையத்தின் பல்லுகளில்தான் தங்கியிருக்கிறது. அது நீடித்து உழைப்பதும் உடைந்து போவதும் பொருத்தியவன் கையிலும் ஓட்டுகிறவன் கையிலும் இருக்கிறது. இரண்டு பேரில் யார் பிழை விட்டது என்பதுதான் இந்தக் கடிதம்.

உன் அப்பா ஜேர்மனியில் அகதி விசாவோடு இருந்த காலத்தில் மரம் இழுக்கும் லொறிகளைத் திருத்தும் இடமொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பிடித்த பைத்தியம் இது. லண்டனுக்கு வந்து வால்தம்ஸ்டோவில் ரயில் பாலத்து வளைவுக்குக் கீழே கராஜ் போட்ட பிறகு, இராணுவம் கழித்துவிட்ட லொறிகளை வாங்கி, முன் அக்சிலை முழுக்கப் பிரித்துப் பூட்டி, காட்டு வேலைக்காரருக்கும் கல்லுடைப்பவர்களுக்கும் விற்றோம். நான் போனிலும் கணக்கிலும் இருந்தேன், நீ பின்னர் விற்பனைக்கு வந்து சேர்ந்தாய். உன் அப்பா அடக்கமான மனுஷன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் பாவம். சோற்றைப் பிசைந்த கையோடு அவர் ஹப் கதை தொடங்குவார். தடித்த கிறீஸை அள்ளி அப்பினால் குளிரில் அது பிசினாகி வளையம் பாதியில் நின்றுவிடுமாம். பாதி கவ்விய பல்லின் நுனி உருண்டு போகுமாம். ஓடையில் இறங்கிய லொறியின் ஹப்பைத் திறந்து தண்ணீர் புகுந்ததா என்று பார்க்காதவன் தன் வாயைக் கழுவாமல் படுக்கிறவனாம். கேட்டுக்கொண்டிருப்பவர் பாயசம் வந்ததும் தப்பி ஓடிவிடுவார். நான் வெட்கத்தில் வேறு பக்கம் பார்ப்பேன்.

ஆனால் சொன்னதைச் செய்தும் காட்டினார். வேல்ஸில் கல் இழுத்துவிட்டு வருஷக்கணக்கில் கழித்துத் திரும்பி வந்த ஒரு லொறி உனக்கு நினைவிருக்கும். கதவெல்லாம் துருப்பிடித்த கறள், தளம் ஓட்டை, சீற்றில் எலி குடியிருந்தது. ஹப்பைத் திறந்தால் உள்ளே பல்லுகள் நேற்று வெட்டியதுபோல் இருந்தன. அந்த வளையத்தைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில், என் சம்பல் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். நான் ஏசினேன். நீ சிரித்தாய். அன்று நீயும் அதை எடுத்து விரலால் தடவிப் பார்த்து, அப்பா கெட்டிக்காரன்தான் என்று சொன்னாய். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை, அதனால்தான் பிறகு நடந்தது எனக்கு இன்னும் எரிகிறது.

அந்த ஹப்புகளுக்கு ஒரேயொரு இடத்தில்தான் அவர் பயப்படுவார். சேறு இல்லை, மலை இல்லை. காய்ந்த தார் றோட்டு. வளைவில் திரும்பும்போது முன் சில்லு ஓடும் தூரம் வேறு, பின் சில்லு ஓடும் தூரம் வேறு. சேற்றில் என்றால் சில்லு கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தாரில் வழுக்காது. பூட்டைத் திறக்காமல், முன் இழுவையையும் போட்டுக்கொண்டு தாரில் திருப்பினால் முறுக்கு ஏறிக்கொண்டே போகும், ஈரத்துணியைப் பிழிவது போல. கடைசியில் எது நலிந்ததோ அது வெடிக்கும். இது உனக்குத் தெரியாது என்று நீ சொல்ல ஏலாது. போன மாரியில் ஒரு வெள்ளைக்காரப் பண்ணைக்காரன் பூட்டைத் திறக்காமல் பெருந்தெருவில் ஓட்டிக்கொண்டு வந்து, வண்டி உறுமுகிறது என்று போன் எடுத்தான். அவனுக்குப் பதில் சொன்னது நீ. நான் பக்கத்து மேசையில் இருந்தேன். எவ்வளவு அழகான ஆங்கிலத்தில், எவ்வளவு பொறுமையாக, தாரில் ஒருநாளும் பூட்டாதே, பிறகு எங்கள் மேல் குறை சொல்லாதே என்று அவனுக்கு விளங்கப்படுத்தினாய்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். உன்னுடைய வருங்கால மாமனார் பாரிசில் இருந்து குடும்பத்தோடு இங்கே வந்து மரம் வெட்டி ஏற்றும் தொழில் செய்கிறவர். உனக்கும் அவருடைய மகளுக்கும் பேச்சு முற்றாகிய பிறகு, எங்களிடம் ஒரு லொறி வாங்கினார். சம்பந்தி வீட்டு லொறி என்று உன் அப்பா தலைகால் புரியாமல் வேலை செய்தார். கோயிலில் பூசை வைத்து எடுப்பதாக முடிவாயிற்று. எங்கள் ஆட்களுக்குச் சைக்கிள் வாங்கினாலும் பூசை வேண்டும், லொறிக்குக் கேட்கவா வேண்டும். சந்தனம், குங்குமம், மாலை, நாலு சில்லுக்கும் தேசிக்காய். உன் அப்பா காலையிலேயே இரண்டு பூட்டையும் திறந்துவிட்டு, றோட்டில் இப்படியே ஓட்டிக்கொண்டு போ என்று சாவியை உன் கையில் தந்தார். பூசை முடிந்து தேசிக்காயை நசித்துக்கொண்டு வண்டி வெளிக்கிட்டதோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். உனக்கு அது போதவில்லை. தேர் வருவது போல மெல்ல ஊர்ந்து, கார் பார்க்கை மூன்று தரம் வலம் வர வேண்டும் என்று ஆசை வந்தது. பெண்ணை முன்னால் உனக்குப் பக்கத்தில் ஏற்றினாய். படம் எடுக்க வசதியாக அவளுடைய சித்திமாரும் பிள்ளைகளும் பின் தளத்தில் ஏறி நின்றார்கள். நல்ல வெயில். தரை காய்ந்து கிடந்தது. அந்தச் சின்ன இடத்தில் அவ்வளவு பெரிய லொறியை முழு ஸ்டியரிங்கும் ஒடித்து, ஒரே பக்கமாக, ஒன்று, இரண்டு என்று சுற்றினாய். இரண்டாவதிலேயே வண்டி முனகியது எனக்கே கேட்டது. நீ இன்னும் மிதித்தாய்.

மூன்றாவது முடியுமுன் வெடித்தது. இடது ஹப்பின் மூடி பறந்துபோய் யாரோ ஒருவருடைய காரின் முன் கண்ணாடியை உடைத்தது. பின்னால் நின்ற சித்தி ஒருவர் முழங்காலில் விழுந்தார். ஒரு நிமிஷம் மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். பிறகு முணுமுணுப்புத் தொடங்கியது. கலியாணத்துக்கு முன்னால் இப்படி, பூசை செய்த கையோடு இப்படி, நல்லதுக்கில்லை என்று பெண் வீட்டுக் கிழவர் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். நீ இறங்கி வந்தாய். எல்லோரும் உன்னைத்தான் பார்த்தார்கள். நீ உன் அப்பாவைப் பார்த்தாய். பார்த்துக்கொண்டே சொன்னாய்.

“அபசகுனமும் இல்லை ஒண்டும் இல்லை. அப்பா பழைய ஹப் ஒண்டைப் போட்டுவிட்டார். அவருக்கு இப்ப கண்ணும் வடிவாத் தெரியிறேல்லை.”

சம்பந்தி நல்ல மனுஷன். ஏசவில்லை. உன் அப்பாவின் தோளில் கை போட்டு, “அண்ணை, வயசு போனா நாங்களும் விட்டுக் குடுக்கத்தானே வேணும்” என்றார். அது ஏச்சைவிட மோசம். ஹப்பைப் பற்றிக் கேட்காதவருக்கும் கதை சொல்லும் மனுஷன், அன்று தன் ஹப்பைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. தலையை ஆட்டினார். குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக் கைலேஞ்சித் துணியில் முடிந்தார். நீ அப்போதும் பெண் வீட்டாருக்கு மோர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றாய்.

மரவேலைக்காரர் உலகம் சின்னது. கதை பரவியது. போன் எடுத்தவர்கள், இதைப் பொருத்தியது கிழவனா மகனா என்று கேட்கத் தொடங்கினார்கள். நீயும் அதை நன்றாகப் பாவித்தாய். ஒரு கிழமைக்குள் அவருடைய வேலை மேசை சுவரோரம் போனது. இப்போது நீ விற்கும் லொறிகளில் பூட்டே இல்லை, எப்போதும் கவ்வியபடி இருக்கும் ஒரு தட்டை வைத்து முறுக்கிவிட்டு, பராமரிப்பே தேவையில்லை என்று விளம்பரம் செய்கிறாய். முன் அக்சில் ஓய்வில்லாமல் சுழன்று தேயட்டும், எண்ணெய் குடிக்கட்டும், நீ விற்றுவிட்டாய் அல்லவா. உன் அப்பா வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கிறார். அது ஓடுகிறதா நிற்கிறதா என்றுகூட அவர் பார்ப்பதில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? உன்னை நம்பினேன். மகனுடைய சம்பந்தத்துக்கு வாங்கிய லொறியில் பழைய சாமானைப் போட உங்களுக்கு எப்படி மனம் வந்தது என்று, கோயிலால் வந்த நாளில் இருந்து அவரைப் பிய்த்து எடுத்தேன். அவரிலும் எனக்குக் கோபம்தான். உன் கலியாணம் குழம்பக்கூடாது என்று அவர் வாயை மூடிக்கொண்டு, தன் பெயரைக் குப்பையில் போட்டது பெரிய தியாகம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். அது உன்னைக் கெடுத்தது, அவ்வளவுதான்.

உண்மையைக் கொண்டுவந்தது நீ கட்டப்போகும் பிள்ளை. போன கிழமை ஒருநாள் பின்னேரம் தனியாக வந்தாள். கூறைச் சேலையின் நிறம் காட்ட வந்தேன் என்றாள். சேலைப் பையைத் திறக்கவே இல்லை. நேரே உன் அப்பாவுக்கு முன்னால் போய் நின்று, “மாமா, நீங்கள் ஏன் அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை?” என்று கேட்டாள். அவர் எழும்பிப் பின் வளவுக்குப் போய்விட்டார். அவள் என்னிடம் சொன்னாள். சுற்றத் தொடங்குமுன், எல்லோரும் பின் தளத்தில் ஆட்களை ஏற்றுவதில் இருந்த நேரம், நீ இறங்கிப்போய் இரண்டு முன் சில்லிலும் எதையோ திருகினாயாம். என்னவென்று கேட்டதற்கு, இப்பதான் இது சரியான லொறி என்று சிரித்தாயாம். பிறகு ஒரு தடியை இழுத்து முன் இழுவையைப் போட்டாயாம். அவளுக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. தகப்பனின் லொறியைத் திருத்த வந்த வேறொரு ஆளிடம் கேட்டபோது விளங்கிவிட்டது.

நான் பின் வளவுக்குப் போனேன். உன் அப்பா கொட்டிலுக்குள் அந்தக் கைலேஞ்சியை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். என் கையில் உடைந்த இரும்புத் துண்டொன்றைத் தந்தார். “பழைய வெடிப்பெண்டா உள்ளுக்குக் கறுத்துப் போயிருக்கும். பார், உடைஞ்ச இடம் முழுக்கப் பளபளவெண்டு இருக்கு. நல்ல இரும்பு, அவன் முறிச்சுப் போட்டான்” என்றார். அவர் உன்னைப் பற்றிக் குறையாகச் சொல்லி நான் கேட்ட முதல் வார்த்தை அதுதான். பிறகு, இதை ஒருவருக்கும் சொல்லாதே, கலியாணம் முடியட்டும் என்று என் கையைப் பிடித்தார். நான் கையை உதறினேன்.

உன் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும், அதையும் எழுதிவிடுகிறேன், பிறகு ஒருபக்கமாக எழுதினேன் என்று சொல்வாய். அபசகுனம் என்ற பேச்சை நிறுத்தத்தான் அப்படிச் சொன்னாய். அந்தக் கிழவர் இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் சம்பந்தமே ஆடிப்போயிருக்கும். சரி. ஆனால், நான்தான் பூட்டைப் போட்டுக்கொண்டு சுற்றினேன், பிழை என்னுடையது என்று சொல்லியிருந்தாலும் அந்தப் பேச்சு நின்றிருக்குமே. கொஞ்சம் சிரித்திருப்பார்கள். மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பக்கத்தில் கண்டதும் தலை சுற்றிவிட்டது என்று பகிடி பண்ணியிருப்பார்கள். அந்தச் சிரிப்பைத் தாங்க உனக்கு ஏலவில்லை. அதற்காக ஒரு மனுஷனின் கைவேலையை, அவரிடம் இருந்த ஒரே பெருமையை, மோர் கொடுக்கும் நேரத்துக்குள் விற்றுவிட்டாய். அன்று தளத்தில் நின்ற பிள்ளைகளில் ஒன்று சில்லுக்குள் விழுந்திருந்தால் அதையும் அவர் தலையில்தான் கட்டியிருப்பாய். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கலியாணத்துக்கு முன்னால் தாய் மகனுக்கு எழுதினால் புத்தி சொல்ல வேண்டுமாம். எப்போது இறுக்கிப் பிடிப்பது, எப்போது விட்டுக் கொடுப்பது என்று அந்த ஹப்பை வைத்தே குடும்ப வாழ்க்கைக்கு ஏதாவது சொல்வேன் என்று நீ எதிர்பார்த்தால், மாட்டேன். அது ஒரு இரும்புச் சாமான். நீ அதை உடைத்தாய், உடைத்ததை இன்னொருவர் மேல் போட்டாய். அதைச் சரிசெய்யாமல் உனக்கு வேறு புத்தி எதற்கு? வீடு கூட்டு, வேளைக்கு வா, மனைவி பேசும்போது போனைக் கீழே வை என்பதெல்லாம் ஒழுங்கான மனுஷருக்குச் சொல்கிற புத்தி.

நான் கேட்பது இதுதான். வருகிற வெள்ளிக்கிழமைப் பூசைக்கு உன் மாமனார் குடும்பம் வரும், அன்று நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் வருவார்கள். உன் அப்பாவை நான் கூட்டிக்கொண்டு வருவேன், வரமாட்டேன் என்றாலும் இழுத்துக்கொண்டு வருவேன். அதே கார் பார்க்கில், அதே ஆட்களுக்கு முன்னால், பூட்டைத் திருகிப் போட்டது நான், ஓட்டியது நான், அப்பாவின் ஹப்பில் ஒரு பிழையும் இல்லை என்று உன் வாயால் சொல்ல வேண்டும். என் காதுக்குள் வந்து மன்னிப்புக் கேட்காதே, எனக்கு அது வேண்டாம். சொல்லாவிட்டால் மணவறையில் உன் அம்மா நிற்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். உன் அப்பா வருவார், அவருக்கு ரோஷம் கிடையாது. நான் வரமாட்டேன். வீடியோக்காரனிடம் சொல்லி எனக்குப் பதிலாக யாராவது அத்தையை நிற்பாட்டிப் படம் எடு.

மிரட்டுகிறேன் என்று நினைப்பாய். மிரட்டல்தான். ஆனால் நான் வராததை நீ தாங்கிக்கொள்வாய் என்றும் எனக்குத் தெரியும், உனக்கு அந்தளவு மனம் இருக்கிறது. ஆகவே இன்னொன்றையும் எழுதுகிறேன். எழுதலாமா என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டேன், எழுதுங்கோ மாமி என்றாள்.

அன்று உன் அப்பாவைக் கொட்டிலில் விட்டுவிட்டு நான் உள்ளே வந்தபோது அவள் குசினி மேசையில் இருந்தாள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்து நானும் முன்னால் இருந்தேன். என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“மாமி, நாளைக்கு ஏதும் பிழைச்சுப் போச்செண்டா, அவர் எனக்கும் இப்பிடித்தான் செய்வாரோ?”

உன்னைப் பெற்றவள் நான். இல்லைப் பிள்ளை, அவன் அப்படிச் செய்யமாட்டான் என்று கேட்ட உடனே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தேத்தண்ணி ஆறிப்போனது. கடைசியில் அவளே எழும்பி, என்னுடைய கோப்பையையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

அம்மா